பிளேயரை விட்டு இறங்காத நான்கு ஆல்பங்கள்

இந்த மாதம் திரும்பத் திரும்பச் சுற்றுபவை நான்கு: ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, க்ளென் கூல்டு பியானோவில் வாசித்த பாஹின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம். நான்குமே ஊரறிந்தவை. புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பதிப்பைப் பொறுத்து வேகம் மாறுகிறது, ஒலி மாறுகிறது, சில சமயம் முடியும் இடம்கூட மாறுகிறது. ஆகவே ஏன் பிடிக்கிறது என்பதோடு எதை எடுப்பது, எங்கே கோட்டை விடுவோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பாட்டுக் கேட்கும் ஆப்பில் செய்ய வேண்டியவை. க்ராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கின் வாலை அடுத்த டிராக்கின் தலையோடு குழைத்துவிடும் வசதி அது. கல்யாண வீட்டுப் பாட்டுக்குச் சரி, கோல்ட்பர்குக்கு நஞ்சு. இடைவெளியில்லாமல் ஓட்டும் ‘கேப்லெஸ்’ வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ‘வால்யூம் நார்மலைசேஷன்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டு வைப்பதில் தவறில்லை, ஆனால் ஆல்பம் முழுமைக்கும் ஒரே அளவாகக் கூட்டிக் குறைக்கிறதா என்று பாருங்கள். டிராக் டிராக்காகச் சமன் செய்தால் மெதுவாக வாசித்த பகுதியும் உரக்க வாசித்த பகுதியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் தானாகவே ஆல்பம் முறைக்கு மாறிக்கொள்ளும் ஆப்களும் உண்டு. ஷஃபிளை அணைக்க அது இன்னொரு காரணம்.

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது இதைவிட முக்கியமானது ஒலியளவு. அரை டெசிபெல், ஒரு டெசிபெல் உரக்க இருந்தாலே காது அதைத்தான் ‘நல்ல பதிப்பு’ என்று சொல்லும். ‘உரக்க’ என்றும் நமக்குத் தோன்றாது. ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்று பெயர் வைத்துவிடுவோம். ஒரே இடத்தின் பத்து விநாடியை இரண்டிலும் ஓட்டி, ஒலியளவு காட்டும் ஆப்பைத் திறந்த போனை அசையாமல் ஒரே இடத்தில் வைத்துச் சராசரியைப் பார்த்துச் சமன் செய்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும். ரீமாஸ்டர் (பழைய பதிவை மறுபடி ஒலி திருத்தி வெளியிடுவது) சண்டைகளில் பாதி இந்த ஒரு படியை விட்டுவிட்டதால் வருபவை.

கைண்ட் ஆஃப் ப்ளூ

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாள் பதிவு. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோ, முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். டிரம்பெட் மைல்ஸ், டெனர் சாக்ஸ் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸ் கேனன்பால் ஆடர்லி, பேஸ் பால் சேம்பர்ஸ், டிரம்ஸ் ஜிம்மி காப், பியானோ பில் எவன்ஸ். ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றில் மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி. ‘ப்ளூ இன் க்ரீன்’இல் ஆடர்லி இல்லை.

இந்த ஆல்பத்தில் பலருக்கும் தெரியாத கோளாறு எல்.பி.யின் (இசைத்தட்டின்) முதல் பக்கத்தில் இருக்கிறது. மார்ச் 2 அன்று பதிந்த பிரதான டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓடும் மெஷினில் போட்டால் இசை வேகமாகும், சுருதியும் ஏறும். அப்படி ஏறிய சுருதியோடுதான் ‘ஸோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் க்ரீன்’ மூன்றும் முப்பது ஆண்டுக்கும் மேல் விற்றன. ஏப்ரலில் பதிந்த இரண்டாம் பக்கத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. மார்ச் 2 அன்று பக்கத்தில் இன்னொரு மெஷின் காப்புப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. அது சரியான வேகத்தில் ஓடியது. அந்த டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தம் வந்தது. 1997 சிடியும் அதற்குப் பின் வந்த முக்கியமான மறுபதிப்புகளும் திருத்தியவை. பழைய பிரதிகளை நகலெடுத்து மலிவாக விற்கும் எல்.பி.க்களில் பழைய சுருதியே இருக்கலாம்.

உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஆப்போ ஆசிரியரோ தேவையில்லை, சுருதிப் பெட்டி போதும். ‘ஸோ வாட்’டின் ஆதார ஸ்வரம் நம் கணக்கில் 2 கட்டை. பெட்டியை 2 கட்டையில் வையுங்கள். நுண்சுருதித் திருகு நடுவில் இருக்க வேண்டும். அது லேசாகத் திரும்பியிருந்தால் சோதனையே பொய்யாகிவிடும், அதனால் முதலில் ட்யூனர் ஆப்பில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் உலாவும் அரை நிமிடத்தை விட்டுவிடுங்கள். பேஸ் கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டே கார்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) பதில் சொல்லும் இடம் வரும். அந்தப் பதிலைச் சுருதியோடு வைத்துக் கேளுங்கள். திருத்திய பதிப்பு பெட்டியின் மேல் வந்து உட்காரும். பழையது உட்காராமல் மேலே நின்று அலையும். சந்தேகமாக இருந்தால் பெட்டியை 5 கட்டைக்கு மாற்றி இரண்டாம் பக்கத்து ‘ஆல் ப்ளூஸ்’ஸைப் போடுங்கள். அது சேர்ந்து, ‘ஸோ வாட்’ சேராவிட்டால் உங்களிடம் இருப்பது பழையதுதான். இரண்டுமே சேராவிட்டால் ஆல்பத்தின் மேல் பழியில்லை, உங்கள் டர்ன்டேபிளைப் பாருங்கள். டிராக்கின் நீளமும் ஒரு தடயம்: திருத்திய ‘ஸோ வாட்’ 9 நிமிடம் 22 விநாடி அளவில் இருக்கும், பழையது அதைவிடக் குறைவு. கடைசியில் ஒலி தேயும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

டர்ன்டேபிள் என்றதும் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிள் வாங்குபவர்கள், மோட்டார் மின்சாரத்தின் அலைவரிசையைப் பின்பற்றும் சின்க்ரனஸ் வகையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கும். இதற்குத் தீர்வு 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி (மோட்டாரின் சக்கரம்). வேகம் சரிபார்க்கும் ஸ்ட்ரோப் அட்டையிலும் 50 ஹெர்ட்ஸ் வட்டத்தையே பார்க்க வேண்டும். 33⅓ வேகத்துக்கு அந்த வட்டத்தில் 180 கோடுகள் இருக்கும். எல்இடி விளக்கில் பார்த்தால் கோடு நிற்கிறதா நகர்கிறதா என்று பல சமயம் தெரியாது. பழைய குண்டு பல்பு நல்லது.

சரி, ஏன் இது அலுப்பதில்லை? ‘ஸோ வாட்’டின் சட்டகம் நமக்கு மிகவும் நெருக்கமானது. கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும் வழக்கமான ஜாஸ் போல இல்லாமல், ஒரே ஸ்வரக் கட்டில் நின்று வாசிக்கிறார்கள். அந்த ஸ்வரங்கள் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள். கமகம் கிடையாது, பிடிகள் கிடையாது, ஆகவே ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்வரஸ்தானம் அதுவே. கணக்கும் கையில் போடலாம். எட்டு அடி ஆதி தாளமாக, ஓர் அடிக்கு ஓர் அட்சரமாகப் போட்டால் 8 ஆவர்த்தனம் 2 கட்டையில், அடுத்த 4 ஆவர்த்தனம் அப்படியே தூக்கி இரண்டரைக் கட்டையில், மறுபடி 4 ஆவர்த்தனம் 2 கட்டையில். மொத்தம் 16 ஆவர்த்தனம் ஒரு சுற்று. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மைல்ஸின் தனி 1:31 அளவில், காப் சிம்பலில் விடும் ஓர் அடியோடு தொடங்கும். 2:00ஐ ஒட்டி அரைக் கட்டை ஏறுவதைக் கேளுங்கள்.

எண்ணும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சுற்றின் கடைசி 4 ஆவர்த்தனமும் அடுத்த சுற்றின் முதல் 8 ஆவர்த்தனமும் ஒரே சுருதியில் ஒட்டிக்கொள்வதால், நடுவில் 12 ஆவர்த்தனம் எந்த அடையாளமும் இல்லாமல் ஓடும். சுற்று எங்கே முடிந்தது என்று பாட்டே காட்டிக்கொடுக்காது. பேஸைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. ஏறும் இடத்தில் முதலில் அரைக் கட்டை ஏறுபவர் சேம்பர்ஸ். மைல்ஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, ஆடர்லி இரண்டு, எவன்ஸ் ஒன்று. அதே இடம், அதே அளவு. மைல்ஸ் பாதி இடத்தைக் காலியாக விடுகிறார், கோல்ட்ரேன் ஒரு மூலை விடாமல் நிரப்புகிறார். இரண்டு சாக்ஸையும் குழப்பிக்கொள்பவர்கள் ஸ்டீரியோவில் கேட்டால் போதும்: கோல்ட்ரேன் இடது பக்கம், ஆடர்லி வலது. மாறி வந்தால் ஒயரை மாற்றிச் செருகியிருக்கிறீர்கள்.

1997 முதல் வந்த பல பதிப்புகளில் ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ஸின் மாற்று வாசிப்பு ஆறாவது டிராக்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல வாசிப்புதான். ஆனால் ஆல்பம் ஐந்தோடு முடிகிறது. அந்த முடிவின் அமைதியின் மேலேயே அதே பாட்டு மறுபடி தொடங்கினால் இரண்டும் கெடும். ஆறாவதை வேறொரு நாளைக்கு வையுங்கள்.

கோல்ட்பர்க், இரண்டு முறை

அதே 30ஆம் தெரு ஸ்டுடியோவில் 1955 ஜூனில் இருபத்திரண்டு வயது க்ளென் கூல்டு இதைப் பதிந்தார். 1981இல் அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி பதிந்தார். அதோடு ஸ்டுடியோவும் மூடப்பட்டது. 1982 அக்டோபர் 4 அன்று கூல்டும் காலமானார். முதல் பதிவு 38½ நிமிடம், இரண்டாவது 51. அவர் முதல் முறை எந்தப் பகுதியையும் திருப்பி வாசிக்கவில்லை, இரண்டாம் முறை சிலவற்றின் முதல் பாதியை மட்டும் திருப்புகிறார். ஆனால் வித்தியாசம் அதில் மட்டும் இல்லை. தொடக்கத்தில் வரும் மெட்டான ஆரியா 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1981இல் மூன்று நிமிடத்தைத் தாண்டும்.

ஆரியாவுக்குப் பின் வருவது முப்பது மாறுபாடு (வேரியேஷன்). முப்பது மாறுபாடு என்றதும் ஒரே மெட்டை முப்பது விதமாக வாசிக்கிறார் என்று நினைத்துத் தேடிப் பார்த்து, ‘மெட்டே திரும்ப வரவில்லையே’ என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மெட்டு வராது. திரும்ப வருவது அடியில் இருக்கும் கீழ்ஸ்தாயி வரியான பேஸ். 5 கட்டையைச் ச என்று வைத்துக்கொண்டு சங்கராபரண ஸ்வரத்தில் பாடினால் முதல் எட்டு தாள அளவு (பார்) இப்படி: ச நி த ப, க ம ப ச. இடது கைக்கு மட்டும் காது கொடுத்து ஆரியாவை மூன்று முறை போட்டு இதை வாய்விட்டுப் பாடிப் பழகுங்கள். பிறகு முதல் மாறுபாட்டைப் போட்டால் அந்த எட்டு ஸ்வரம் ஓட்டத்துக்கு நடுவே தலை காட்டும். ஒரு மாறுபாட்டில் ஒன்றிரண்டு ஸ்வரம் இடம் மாறும், சிலவற்றில் அலங்காரத்தில் ஒளிந்துகொள்ளும். 15, 21, 25 மூன்றும் மைனர் என்பதால் அங்கே ஸ்வரஸ்தானமே மாறும். மற்றவற்றில் பல்லவியைப் பிடிப்பது போல இந்தப் பேஸைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

இரண்டாவது பிடி, மூன்றின் பெருக்கங்கள். 3, 6, 9 என்று 27 வரை ஒவ்வொன்றும் ‘கேனன்’. ஒரு குரல் தொடங்கியதை இன்னொரு குரல் சற்றுப் பிந்தி அப்படியே பின்தொடர்வது. மூன்றாவதில் இரண்டாம் குரல் அதே ஸ்வரத்தில் தொடங்கும். ஆறாவதில் ஒரு ஸ்வரம் தள்ளி, ஒன்பதாவதில் இரண்டு ஸ்வரம் தள்ளி, இப்படியே விலகிப் போகும். எல்லாவற்றிலும் எளிதில் காதில் விழுவது 27. அதில் பேஸ் கிடையாது, இரண்டு குரல் மட்டும். அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். முப்பதாவதில் கேனன் வர வேண்டிய இடத்தில் பாஹ் நாட்டுப்புறப் பாட்டுகளைக் கோத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

எதை வாங்குவது? என் ஓட்டு 1981க்கு. ஒரு மாறுபாட்டின் துடிப்பிலிருந்து அடுத்ததன் துடிப்பு கணக்காகப் பிறக்கிறது. நடுவில் விடும் மௌனத்துக்கும் அளவு இருக்கிறது. க்ராஸ்ஃபேடை ஏன் அணைக்கச் சொன்னேன் என்பது இங்கே புரியும். 1955ஐ 5, 14, 29 போன்ற பாய்ச்சல்களுக்காக எடுக்கலாம். அசல் இரண்டு விசைப்பலகை உள்ள ஹார்ப்சிகார்டுக்கு எழுதியது. பியானோவின் ஒற்றைப் பலகையில் இரண்டு கையும் ஒரே கட்டைக்குச் சண்டை போடும். அந்த வேகத்தில் அது எப்படி முட்டாமல் போகிறது என்பதைக் கேட்பதே தனி வேடிக்கை.

பதிப்பு விஷயம்: 1955 பதிவு மோனோ. பின்னாளில் ‘மின்னணு முறையில் ஸ்டீரியோ ஆக்கியது’ என்று அட்டையில் போட்டு வந்த எல்.பி.யைத் தவிர்த்துவிடுங்கள். பியானோவின் கீழ்ஸ்தாயி ஒரு பக்கமும் மேல்ஸ்தாயி ஒரு பக்கமுமாகப் பிய்ந்துபோய்க் கிடக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் மோனோ பட்டனைப் போட்டுக் கேளுங்கள், ஓரளவு தேறும். 1981ஐ டிஜிட்டலாகவும் அனலாக் டேப்பிலும் ஒரே நேரத்தில் பதிந்தார்கள். முதலில் வந்தவை டிஜிட்டலிலிருந்து. ஒலியில் சற்றுக் கண்ணாடித்தனம் உண்டு. 2002இல் ‘எ ஸ்டேட் ஆஃப் வொண்டர்’ என்ற பெயரில் இரண்டு பதிவையும் சேர்த்து வெளியிட்டபோது 1981க்கு அனலாக் டேப்பை எடுத்தார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஒரே பெட்டியில் இரண்டு வேலையும் முடியும்.

வாசிப்புக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்டால் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட வேண்டாம். கூல்டே கூடப் பாடுகிறார். கிரீச்சிடுவது அவருடைய நாற்காலி, தரையிலிருந்து 14 அங்குலமே உயரம் இருக்கும்படி அறுத்த மடக்கு நாற்காலி.

ஹவ் டு நேம் இட்

பாஹ் 1750இல் இறந்தார், தியாகராஜர் 1767இல் பிறந்தார். இருவருக்கும் சேர்த்து இளையராஜா 1986இல் செய்த காணிக்கை இது. வயலின் வி.எஸ். நரசிம்மன். முகவுரைகள் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் நேராகக் கேட்கும் வழிக்கு வருகிறேன்.

‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’தான் வாசல். அதைக் கேட்பதற்கு முன் பாஹின் மூன்றாம் வயலின் பார்ட்டீட்டாவின் ‘ப்ரெலூடியோ’வை, எந்த வயலின் கலைஞர் வாசித்ததானாலும் சரி, தனியாக இரண்டு முறை கேட்டுவிடுங்கள். ஒற்றை வயலின், கிட்டத்தட்ட மூச்சு விடாத ஒரே ஓட்டம், நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது காதில் பதிந்த பிறகு ராஜாவின் டிராக்கைப் போட்டால், அந்த ஓட்டத்தை அவர் தரையாக விரித்துவிட்டு மேலே நம் பாணி வயலினை நடக்கவிட்டிருப்பது துலங்கும். பாஹைக் கேட்காமல் போனால் இரண்டு வயலின் சேர்ந்து ஏதோ வேகமாக வாசிப்பதாகவே படும். ஹெட்ஃபோனில் ஒரு முறை ஓட்டத்தை மட்டும், அடுத்த முறை மேலே வரும் இழைவை மட்டும் பின்தொடருங்கள். வில்லை இழுப்பதிலேயே வித்தியாசம் தெரியும்: ஒன்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெட்டி வெட்டி வைக்கிறது, மற்றது ஒரே இழுப்பில் விரலைச் சறுக்கி இரண்டு மூன்று ஸ்வரத்தைக் கோக்கிறது. அடுத்து ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. இந்த இரண்டையும் பிரித்துப் போடக் கூடாது. சந்திப்பு முதலில், பேச்சு பிறகு.

வீட்டில் கேசட்டாக இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். டிஜிட்டலாக்க நினைத்தால் சில விஷயம். பல ஆண்டு அலமாரியில் கிடந்த டேப்பை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். முதலில் முன்னும் பின்னும் ஒரு முறை முழுதாகச் சுற்றிவிட்டால் இறுகிப்போன சுற்று தளர்ந்து சீராகும். கேசட்டின் வாயில், டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி அமுங்கிப்போய் விட்டு விட்டு வரும். டேப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். வேறொரு பழைய கேசட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துப் போடலாம். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சால் துடைத்து இரண்டு நிமிடம் காயவிடுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அடிக்கடி போட்டால் ரப்பர் இறுகிவிடும், ஈரத்துணி போதும்.

அதன் பிறகும் வயலின் மூடிபோட்ட மாதிரி மங்கலாக இருந்தால் கோளாறு அஸிமத்தில். அதாவது ஹெட்டின் சாய்வு, பதிந்த மெஷினின் சாய்வோடு ஒத்துப்போகவில்லை. ஹெட்டின் இரண்டு பக்கமும் திருகு இருக்கும். ஸ்ப்ரிங் உள்ள திருகு அதற்கானது. காந்தமேறாத ஸ்க்ரூடிரைவர் வேண்டும். தொடங்குவதற்கு முன் திருகின் நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை மோனோவில் வைத்து, வயலின் மேல்ஸ்தாயியில் இருக்கும் இடத்தை ஓட்டியபடி, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். மோனோவில் ஏன் என்றால், சாய்வு தப்பாக இருக்கும்போது இடது வலது இரண்டும் மயிரிழை முன்பின்னாக வந்து, சேர்க்கும்போது உச்ச ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரியான இடம் வந்ததும் திரை விலகியது போலப் பளிச்சென்று திறக்கும், தாண்டினால் மறுபடி மூடும். வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்கே திருகைத் திருப்பிவிடுங்கள். அடுத்த கேசட்டுக்கு வேறு சாய்வாக இருக்கும்.

கேசட்டில் டால்பி (இரைச்சல் குறைக்கும் முறை) குறி இருந்தால் மட்டும் டெக்கில் டால்பியைப் போடுங்கள். டால்பி இல்லாத கேசட்டுக்குப் போட்டால் உச்ச ஒலிகள் நசுங்கும், டால்பி உள்ளதற்குப் போடாவிட்டால் கூசும். பதியும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல், 24 பிட்டில், வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை முதல் பிரதியில் செய்யவே கூடாது. இந்த ஆல்பத்தில் வில் உரசும் ஒலியும் இரைச்சலும் ஒரே பகுதியில் இருப்பதால் ஒன்றை எடுத்தால் மற்றதும் போய்விடும்.

சக்தி

மறுபடி கொலம்பியா, ஆனால் இது மேடை. 1975 ஜூலை 5, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி. ஆல்பம் 1976இல் வந்தது. ஜான் மெக்லாக்லின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். மெக்லாக்லினுக்காகக் கிப்சன் செய்த கிதாரில் வீணை போல விரல்பலகை குழிவெட்டியிருக்கும். தந்தியை உள்ளே அழுத்தி, இழுத்துக் கமகம் பிடிக்க அது உதவும். ஆறு தந்திக்கு அடியில் குறுக்காக ஏழு தந்தி தனியாக ஓடும். முழு ஸ்வரத்தில் நிற்கும்போது பின்னால் ஒரு மினுமினுப்புக் கேட்கிறதே, அது எக்கோ இல்லை, அந்த ஏழின் வேலை.

கடம், மிருதங்கம், தபேலா மூன்றும் ‘ஜாய்’ போன்ற வேகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிரிக்க எளிய வழி: சுருதி சேர்ந்த கணீரென்ற ஒற்றை நாதம் தொடர்ந்தால் தபேலாவின் வலது பக்கம், கீழே வழுக்கிப் போகும் கும்மென்ற ஒலி அதன் இடது பக்கம். தோலின் நாதமும் உலர்ந்த அடியும் சேர்ந்து வந்தால் மிருதங்கம். தோலே இல்லாமல் கிண்ணென்று மண்ணின் ஓசை வந்தால் கடம். கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும்போது வரும் ஆழ்ந்த கும்கி சின்ன ஸ்பீக்கரில் விழவே விழாது. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘கடம் எங்கே’ என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். ‘ஜாய்’ 18 நிமிடம், மூச்சு முட்டும். ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்து நிமிடத்துக்குள், அதைக் கேட்ட பிறகே முதல் டிராக்கின் கனம் தெரியும். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே டிராக், 29 நிமிடம். பெயர் ஒரு பத்தி நீளம், விட்டுவிடுகிறேன். இது பிடித்துப்போனால் அடுத்து ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. முதல் டிராக்கே கொன்னக்கோலில் (தாளச் சொற்களை வாயால் சொல்வது) தொடங்கும். ராகவன் இல்லாமல் நால்வராகிவிட்டதால் தாளப் பகுதியில் காற்றோட்டம் கூடியிருக்கும். விக்குவின் மகன் செல்வகணேஷ் இருக்கும் பிற்காலக் குழுவின் ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி வாங்கியது. ஒலிப்பதிவில் அது எங்கோ மேலே. இருந்தாலும் 1975 மேடையின் மூர்க்கம் அதில் இல்லை என்பது என் கட்சி.

எல்.பி.யில் கேட்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை இதமான அளவு. 29 நிமிடத்தை நுழைக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட முடியும். ஆகவே இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தைவிட அடங்கிக் கேட்கும், தூசியின் பொரிதல் அதே அளவில் இருப்பதால் கூடுதலாகத் தெரியும். போதாததற்கு இன்னொன்று. தட்டின் விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் ஓடும். லேபிளை நெருங்கும்போது அது 21 ஆகிவிடும். அதே உச்ச ஒலியைப் பாதியைவிடக் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உட்பள்ளத்தில் கரகரப்பு எட்டிப் பார்க்கும். இந்தப் பக்கத்தில் வாசிப்பு சூடு பிடித்து முடிகிற இடமும் அதுவே. ஊசி தேய்ந்திருந்தாலோ, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் நேராக இல்லாவிட்டாலோ முதலில் கெடுவது அந்தக் கடைசி ஐந்து நிமிடம். கார்ட்ரிட்ஜின் பாரம் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் கீழ்ப்பாதியில் இருந்தால் மேல்பாதிக்கு ஏற்றிப் பாருங்கள். 1.5லிருந்து 2 கிராம் வரை என்றால் 1.8 வைக்கலாம். பாரம் குறைவாக இருந்து ஊசி பள்ளத்துக்குள் துள்ளுவது தட்டுக்கு அதிகக் கேடு. போடுவதற்கு முன் தட்டை உலர் பிரஷ்ஷால் இரண்டு சுற்றுத் துடையுங்கள். வால்யூமைச் சற்றுக் கூட்டித்தான் ஆக வேண்டும். பக்கம் முடிந்து வேறு தட்டு மாற்றும்போது முதல் காரியமாக அதை இறக்கிவிடுங்கள்.